கடுகண்ணாவையில் பாரம் மாற்றாமல்

1

திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொல்லியிருந்தான் பாலன். நான் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன்.

கண்டி - கொழும்பு வீதியில், கடுகண்ணாவைக்குச் சற்றுக் கீழே, தூறலில் மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு கட்டை ஜீப் மலைப் பக்கத்து வடிகால் கானுக்குள் முன்சக்கரத்தை இறக்கி நின்றது. அதன் வாலில் ஒரு ட்ரெயிலர், பாதி வீதியை அடைத்தபடி குறுக்காகக் கிடந்தது. அதில் கொங்கிறீட் கலக்கும் மெசினும் சீமெந்து மூட்டைகளும் இரும்புத் தகடுகளும். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, என் மனைவியின் தம்பி பாலன் கையில் ஒரு சிவப்புத் துணியோடு நடுவீதியில் நின்று வாகனங்களை ஒதுக்கி அனுப்பிக்கொண்டிருந்தான். சற்று முன்பு வரை அந்த ஜீப்பை ஓட்டி வந்தவன் நான். இனிமேல் ஓட்டி வந்தவன் அவன். அப்படித்தான் பேசி முடித்திருந்தோம்.

"பொலிஸ் வந்தா நான்தான் ஓட்டுனேன்னு சொல்லிக்கிறேன்," என்றான். "எனக்கு என்ன, கூடிப்போனா தண்டம் கட்டச் சொல்லுவாய்ங்க. ஒங்களுக்கு அப்பிடியா? நடங்க மச்சான். தேத்தண்ணி குடிக்கப் போற ஆள் மாதிரி கைய வீசிக்கிட்டுப் போங்க."

கையை வீச முடியவில்லை. இரண்டு கைகளையும் பைகளுக்குள் வைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் விளங்க வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இன்னும் இந்தியக் குடிமகன்தான். மனைவி இந்த நாட்டுக்காரி என்பதால் எனக்கு வதிவிட விசா தருகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அதைப் புதுப்பிக்க வேண்டும். நாங்கள் ஒரே வீட்டில்தான் வாழ்கிறோம் என்று கிராம சேவகர் எழுதித் தர வேண்டும். பிறகு அதிகாரியின் முன்னால் போய் உட்கார வேண்டும். பொலிஸில் வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். இத்தனை வருடமும் இல்லை என்று நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் மறுபடியும் போக வேண்டும்.

என்னிடம் இருக்கிற லைசென்ஸ் காருக்கும் சின்ன ட்ரெயிலருக்கும் ஆனது. பின்னால் கிடக்கிற ட்ரெயிலர் சின்னது இல்லை. விசா போனால் நான் ஒரு பக்கம், மனைவி மலரும் மகளும் ஒரு பக்கம். நடக்கும்போது மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

2

சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு நான் இங்கே வந்த கதை அரைகுறையாகத் தெரியும். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை. எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கிணற்றுக்குப் போர் போடும் வண்டியில் ஏறினேன். சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான் என்று வண்டி போன இடமெல்லாம் போனேன். எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. வண்டிக்கு அடியில் தூங்கினோம், வண்டிக்குப் பக்கத்தில் சமைத்தோம். காய்ச்சல் வந்தாலும் வண்டியோடுதான் கிடந்தோம். அதைக் கஷ்டம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

பவானி ஆற்றுப் பக்கம் ஓர் அகதி முகாமில் போர் போடப் போனபோது மலரைப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. வெறும் கல்தூள்தான் பறந்தது. முகாமே கூடி நின்று சிரித்தது, அவளும் சிரித்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கண்டி மஹய்யாவையில் இருந்து கலவரத்தில் ஓடி வந்தவர்கள். அவள் பிறந்தது முகாமில். எங்களுக்குக் கல்யாணமாகி, அபி கைக்குழந்தையாக இருந்தபோது, சண்டை ஓய்ந்துவிட்டது, இனிப் போகலாம் என்று அந்தக் குடும்பம் முடிவெடுத்தது. அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். நான் வெளிநாட்டுக்குப் போனேன். ஒரே விமானம்.

கண்டியில் ஹோட்டல் சமையற்கட்டில் நின்றேன், தரைக்கு மாபிள் பதித்தேன், தேயிலைப் பாக்கெட் விற்றேன். பேச்சில் விழுந்து எழுந்தேன். மூட்டை தூக்குகிறவரை இங்கே நாட்டாமை என்று கூப்பிடுகிறார்கள். முதல் தடவை சந்தையில் அதைக் கேட்டபோது துண்டு போட்ட பெரியவர் ஒருவர் வரப்போகிறார் என்று ஒதுங்கி நின்றேன். தமிழிலேயே இப்படி என்றால் சிங்களத்தைக் கேட்க வேண்டாம். எது கேட்டாலும் "தன்னே நே" என்று விடுவேன். தெரியாது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அபி அப்படி இல்லை. அவளுக்குப் பதினான்கு வயது. மூன்று பாஷையும் பேசுகிறாள். கோபம் வந்தால் என்னிடம் சிங்களத்தில் திட்டுகிறாள், எனக்கு விளங்காது என்பதற்காக. தோழிகளோடு போகும்போது எதிரே என்னைக் கண்டால் கையைக் காட்டுவாள், நிற்க மாட்டாள். நான் பேச ஆரம்பித்தால் டிவி நாடகம் மாதிரி இருக்கிறதாம்.

3

பிலிமத்தலாவையில் ரஹீம் ஹாஜியார் கட்டட வேலைக்கான மெசின்களை வாடகைக்கு விடுகிறார். பாலன் அங்கே ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தான். அவன் சொல்லித்தான் நான் ட்ரைவராகச் சேர்ந்தேன். "இந்தியாவுல பெரிய லொறி ஓட்டுனவரு" என்று அவன் சொன்னதும் ஹாஜியார் வேறொன்றும் கேட்கவில்லை. லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். பார்த்தார். "பெரிய லைசென்ஸ் எடுக்கோணும். மெதுவா எடுத்துக்கலாம்," என்றார். மெதுவாகவே போய்விட்டது. வருடம் ஓடிவிட்டது.

கட்டை ஜீப்பில் எதற்குப் பாரம் இழுக்கிறீர்கள், லாரி இல்லையா என்று நம் ஊர் ஓட்டுநர்கள் கேட்பார்கள். கண்டியைச் சுற்றி வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் மலைமேல் கட்டுகிறார்கள். வீதியிலிருந்து மேலே ஏறும் ஒடுக்கமான ஒழுங்கைகளில் லாரி நுழைந்தால் வளைவில் திரும்பாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி குறைந்த ஜீப் மட்டும்தான் ஒரே வெட்டில் திரும்பும். அதனால் மெசின்கள் எல்லாம் கட்டை ஜீப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுகின்றன.

ஆனால் அந்த ஜீப்புக்குப் பொறுமை கிடையாது. நீளமான வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் அது யோசித்துத்தான் அசையும். கட்டை வண்டி தொட்டவுடன் துள்ளும். ட்ரெயிலர் ஒரு சாண் விலகினால் ஜீப்பின் மூக்கு ஒரு முழம் விலகும். சங்ககிரியில் ஓட்டிய கைக்கு இதைப் பழக்க எனக்கு வெகுநாள் பிடித்தது.

இதற்காக இங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஏற்றத்தில் ட்ரெயிலரின் பாரத்தை அச்சுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி அடுக்குவார்கள். முன்னால் அடுக்கினால் கொக்கியை அழுத்தும், ஜீப் பின்பக்கம் குந்திவிடும், முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். ஆனால் அதே பாரத்தோடு இறங்கக் கூடாது. பின்பாரம் கொக்கியைத் தூக்கும், ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பிடி போய்விடும், ட்ரெயிலர் வாலை ஆட்டத் தொடங்கும். அதனால் ஏற்றம் முடிகிற இடத்தில் நிறுத்தி, மூட்டைகளை எல்லாம் முன்னால் கொண்டுவந்து அடுக்கிவிட்டுத்தான் இறங்குவார்கள். பாரம் மாற்றுவது என்று அதற்குப் பெயர். மழை பெய்தாலும் பசித்தாலும் மாற்றாமல் இறங்க மாட்டார்கள்.

அன்றைக்கு நாங்கள் மாற்றவில்லை.

பிலிமத்தலாவைக்கு உள்ளே ஒரு பள்ளத்தில் வேலை முடிந்த மெசினை ஏற்றிக்கொண்டு, செங்குத்தான ஒழுங்கையில் மேலே வந்தோம். மூட்டைகள் எல்லாம் பின்னால். அதை அப்படியே கடுகண்ணாவைக்குக் கீழே ஒரு வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே அன்று மேல்தளத்துக்குக் கொங்கிறீட் போடுகிற நாள். வீட்டுக்காரர்கள் சிங்களவர்கள், சுபநேரம் பார்த்துக் குறித்திருந்தார்கள். ஆட்கள் வந்து காத்திருந்தார்கள், சோறு வெந்துகொண்டிருந்தது. ஹாஜியார் போனுக்கு மேல் போன்.

"தம்பி, நேரம் பொய்ட்டா அந்தப் பொம்புள என்னய உயிரோட வெக்க மாட்டா. எங்க ஈக்கிறீங்க?"

"பிரதான வீதிக்கு வந்துட்டனுங்க."

"பறந்து வாங்கண்டு சொல்லல்ல. ஆனா வாங்க."

கடுகண்ணாவையில் நாங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நின்றன. வெளிநாட்டுக்காரர்கள் பாறையைக் குடைந்த பழைய பாதையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாலன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். "கொஞ்சம் கீழ போய் மாத்திக்கலாமா மச்சான்?" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் ஜீப்பின் பின்பக்கம் லேசாகிவிட்டது. பிறகு முதுகில் யாரோ தட்டியது போல ஓர் ஆட்டம். கண்ணாடியில் ட்ரெயிலரின் வலப் பக்கம் தெரிந்தது, பிறகு இடப் பக்கம் தெரிந்தது. எதிரே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தியிருந்தால் மடங்கி அதன் மேல் போயிருப்போம். காலை எடுத்துவிட்டேன். பாலன் "அம்மாளே" என்று கத்தினான். ஜீப்பை மலைப் பக்கம் சாய்த்துக் கானில் இறக்கினேன். பாறைச் சுவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போயிற்று. நின்றோம்.

பஸ் எங்களை உரசாமல் போய்விட்டது. அதன் ட்ரைவர் சன்னல் வழியாக ஏதோ கத்தினான். விளங்காமல் போனது நல்லது.

4

கடுகண்ணாவையில் ஒரு சின்னக் கடையில் பால் போடாத பிளேன்டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குடிக்கவில்லை. கடைக்காரர் என் சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கீழே எங்கோ ரயில் மூச்சு வாங்கி ஏறுகிற சத்தம் கேட்டது. வீதியில் வாகனங்கள் மெதுவாகி வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்த வரிசையின் முனையில் பாலன் நிற்கிறான்.

போன் அடித்தது. அபி.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"கடுகண்ணாவையில கண்ணு. வண்டியில."

"வண்டிச் சத்தம் கேக்கலியே."

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"அப்பா?"

"சும்மா நிறுத்தியிருக்குது. மாமா கீழ இருக்கான்."

"அடிபட்டிருச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலே."

அவள் ஒதுங்கி நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவசரமாக, தாழ்ந்த குரலில் பேசினாள். பக்கத்தில் தோழிகள் இருந்திருக்க வேண்டும். "பொலிஸ் வந்தா, எல்லாத்துக்கும் தன்னே நேன்னு சொல்லி வெக்காதீங்கப்பா. பொய் சொல்றாரு போலன்னு நெனப்பாங்க. எனக்கு போன் போட்டுக் குடுங்க, நான் பேசுறேன்."

வைத்துவிட்டாள். நம் ஊரில் நான் பதினான்கு வயதில் வண்டிக்கு அடியில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். இவள் எனக்காகப் பொலிஸோடு பேச நிற்கிறாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஹாஜியார் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். முழங்கால் ஒப்பரேஷன் செய்தவர், இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பாரம் மாத்தினீங்களா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்லீங்க."

"ஏன்?"

"நிறுத்த எடம் இல்லீங்க. நேரமும் இல்லீங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நாந்தான் அவசரப்படுத்தினேன். ஏறுங்க." ஆட்டோ புறப்பட்டதும் குரலைத் தாழ்த்தினார். "பாலன் கோல் எடுத்தான். அவன் சொல்லிய கத நல்ல கத. அப்பிடியே ஈக்கட்டும். நீங்க வாயத் தொறக்க வாணாம். நீங்க வழியில போன ஆள். வெளங்கிச்சா?"

விளங்கியது. அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

5

நாங்கள் போகும்போது பொலிஸ் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் ஒரு சார்ஜன். நரைத்த மீசை, மழைக்கோட்டு. இரண்டு பக்கமும் வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் ட்ரெயிலரைச் சுற்றி வந்து, "ட்ரைவர் கவுத?" என்று கேட்டார். யார் ட்ரைவர் என்பது.

பாலன் முன்னால் வந்தான். "மம, சேர்." நான்தான்.

அவர் அவனுடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், ட்ரெயிலரைப் பார்த்தார். பிறகு நீண்டுகொண்டே போகும் வரிசையைப் பார்த்தார். எழுதுவதற்கு எடுத்த புத்தகத்தைத் திரும்பக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஹாஜியாரின் முகம் மாறியது.

"என்னங்க சொல்றாரு?"

"முதல்ல வண்டிய எடுக்கட்டுமாம். கீழ ஒழுங்கை வாசல்ல கொண்டு பொய் நிப்பாட்டட்டுமாம். எழுதியது பொறகாம்."

நாங்கள் மூவரும் இதை யோசிக்கவில்லை. ஓட்டி வந்தவன் அவன் என்றால், ஓட்டிப் போக வேண்டியவனும் அவன்தான்.

பாலன் ஹாஜியாரின் யார்டுக்குள் ஜீப்பை முன்னும் பின்னும் நகர்த்தியிருக்கிறான். ட்ரெயிலரோடு வீதியில் ஓட்டியதில்லை. ஒழுங்கை வாசல் வரைக்கும் இறக்கம்தான், இன்னும் இரண்டு வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை, பனிதான் நின்றது. பாரம் இன்னும் பின்னால்தான் இருக்கிறது.

"பாரத்த மாத்தணும்னு சொல்லுங்க," என்றேன்.

ஹாஜியார் சொன்னார். சார்ஜன் கையை வீசினார். வரிசையைக் காட்டினார். அங்கே ஓர் அம்புலன்ஸ் கத்திக்கொண்டிருந்தது.

பாலன் ஏறி உட்கார்ந்தான். என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் கதை உடைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். எஞ்சினைக் கிளப்பினான். அந்த ஜீப்பில் இரண்டு கியர்த் தடிகள் உண்டு. இறக்கத்தில் சின்னத் தடியைப் பின்னால் இழுத்துப் போட்டால்தான் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். அவன் கை சின்னத் தடியைத் தேடிப் போய், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெரிய தடிக்கே திரும்பி வந்தது.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. வதிவிட விசா, அடுத்த மாதம், அதிகாரியின் மேசை எல்லாம் அப்படியேதான் இருந்தன. அவற்றோடுதான் போய் ஜீப்பின் கதவைத் திறந்தேன்.

"இறங்குடா."

"மச்சான், சும்மா இருங்க," என்றான் பல்லுக்குள்.

"எறங்குன்னு சொல்றேன்ல. மலருக்கு நானென்ன பதில் சொல்லுவேன்?"

சார்ஜன் வந்து நின்றார். நான் அவர் பக்கம் திரும்பி, "மம," என்றேன். "மம ட்ரைவர்." அதற்கு மேல் என் சிங்களம் தீர்ந்துவிட்டது. அபிக்குப் போன் போடவில்லை. இதை அவள் வாயால் சொல்ல வைக்கக் கூடாது என்று தோன்றியது. லைசென்ஸை எடுத்து நீட்டினேன்.

அவர் என்னையும் பாலனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லோரும் திடுக்கிடும்படி தமிழில் கேட்டார். வவுனியாவில் வேலை செய்தவராம், பிறகுதான் தெரிந்தது.

"நீ இந்தியா?"

"ஆமாங்க."

"ஏன் ஓடினது?"

"ஓடலீங்க. நடந்தேன்."

"ஏன் நடந்தது?"

"பயமுங்க."

"எனக்கும் பயம்," என்றார். "மேல கல், கீழ பஸ், நடுவுல நீ." பின்னால் நின்ற லொறிக்காரன் சிரித்தான். சார்ஜன் சிரிக்கவில்லை. ஹாஜியாரைப் பார்த்து, "முதலாளி, பெரிய லைசென்ஸ் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

ஹாஜியார் சேர்வானி மாதிரி நீண்ட சட்டைப் பைக்குள் கையை விட்டார். "என்கிட்டதான் ஈக்கி. கால் தான் இல்ல."

"அம்புலன்ஸ் போகட்டும். பாரத்த மாத்து. முதலாளி, நீ ஓட்டு."

வாகனங்களை ஒரு பக்கமாக நிறுத்தி அம்புலன்சை முதலில் விட்டார்கள். நானும் பாலனும் ட்ரெயிலர் மேல் ஏறி மூட்டைகளை முன்னால் கொண்டு வந்தோம். நனைந்த சீமெந்து மூட்டை பிணம் போல் கனக்கும். ஒரு தடவை மட்டும், "ஒங்களுக்குப் பைத்தியம் மச்சான்," என்றான். "ஆமா," என்றேன்.

ஹாஜியார் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினார். கிளச்சை மிதிக்கும்போது அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஆனால் கை மறக்கவில்லை. சின்னத் தடியை இழுத்தார், ஜீப்பைக் கானில் இருந்து பின்னால் உருட்டாமல், முன்னாலேயே அசைத்து எடுத்தார். நானும் பாலனும் ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு ட்ரெயிலரின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் இறங்கி நடந்தோம், நின்றால் முட்டுக் கொடுப்பதற்கு. ட்ரெயிலர் ஆடவில்லை. கல்லைக் கீழே போட ஒழுங்கை வாசலில்தான் கை வந்தது.

சார்ஜன் அங்கே வைத்து எழுதினார். என் லைசென்ஸை எடுத்துக்கொண்டார். நீதிமன்றத்துக்கு வர வேண்டிய நாளைச் சொன்னார். அது விசா நாளுக்கு முன்னால் வருகிறது.

6

வீட்டில் மலரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "என் தம்பிய நடுரோட்டுல விட்டுட்டு நடந்தீங்களா?" என்றாள்.

"நடந்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"கடுகண்ணாவ கடை வரைக்கும்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பிறகு, "கோர்ட்டுக்கு நானும் வர்றேன்," என்றாள். "விசா ஆபீஸுக்கும் வர்றேன். அவங்க கேக்குறத என்கிட்ட கேக்கட்டும்." அபி மூலையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை. எனக்கு என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. இதை எழுதுகிற இந்த நாளிலும் தெரியாது. வழக்கு நாள் இன்னும் வரவில்லை. தபால்காரரின் மணி கேட்டால் எழுந்து நிற்கிறேன்.

ஹாஜியார் போனில் சொன்னார், பெரிய லைசென்ஸ் கைக்கு வரும் வரைக்கும் ஜீப்பில் உட்கார வேண்டாம் என்று. கோபமாகச் சொல்லவில்லை. "நானும் அன்டக்கே உங்கள ஓட்ட விட்டிருக்கக் கூடா," என்றார். ஆக, எனக்கு வேலையும் இல்லை.

சுபநேரம் தவறிவிட்டதால் அந்த வீட்டில் அன்று கொங்கிறீட் போடவில்லை. வேறொரு நேரம் பார்த்து மறுநாள் காலைக்குத் தள்ளினார்கள். வந்த ஆட்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தாச்சி தூக்க ஆள் போதவில்லை என்று பாலன் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டினான். தாச்சி என்றால் நம் ஊரில் சொல்கிற கான்கிரீட் சட்டி.

"நாள் கூலிதான் மச்சான். வர்றீங்களா?"

போனேன். மெசின் கீழே சுற்றியது. அங்கிருந்து மேல்தளம் வரைக்கும் பலகைச் சாரத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நான் நடுவில், எனக்கு மேலே பாலன். கீழே இருந்து வரும் தாச்சியை வாங்கி மேலே கொடுக்க வேண்டும், காலித் தாச்சி மறுபக்கமாக விழும். அவ்வளவுதான் வேலை. இடுப்பு விட்டுப்போகும், யோசனை ஓடாது. எனக்கு அது வேண்டியிருந்தது.

வீட்டுக்காரப் பெண் கீழே நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அவளுடைய புருஷன் கொரியாவில் தொழிற்சாலையில் இருக்கிறான். தன் வீட்டுக்குத் தளம் விழுவதை அவன் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர்களும் தாச்சியைக் கைமாற்றிக்கொண்டே பதில் கத்தினார்கள். என் முறை வந்ததும் போன் என் முகத்துக்கு நேரே நின்றது. யார் அது என்று அவன் கேட்டது எனக்கே விளங்கியது.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலே இருந்து பாலன் குனிந்து சொன்னான்.

"அபே மஸ்ஸினா." எங்க மச்சான்.

கொரியாக்காரன் கையை ஆட்டினான். எனக்குத் திருப்பி ஆட்டக் கை இல்லை. நிறைந்த தாச்சி கீழே இருந்து வந்துவிட்டது. வாங்கி மேலே கொடுத்தேன்.